நீலக் கூட்டின் பச்சை வாரிசு

"ஒரு பறவைக் குஞ்சு என் கல்யாணத்தை நிறுத்திடுச்சு சார்" என்றாள் அந்தப் பெண்.

நான் மேஜை துடைப்பதை நிறுத்தினேன். எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குக் கடைசியாக வந்த வழக்கு ஒரு காணாமல் போன குடை. அதுவும் புகார் கொடுக்க வந்தவரின் கக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரமாக மேஜையைத் துடைப்பதுதான் என் முழுநேர உத்தியோகம்.

"உட்காருங்க. எந்தப் பறவை?" என்றார் மாப்பிள்ளை.

இங்கே மாப்பிள்ளை என்பது என் தங்கை புருஷன். அலுவலகத்தின் துப்பறிவாளர் அவர், உதவியாளன் நான். வயதில் எனக்கு மூன்று வருஷம் சின்னவர். ஆனால் சம்பளம் கொடுப்பவர். அவருக்கு மரியாதை கொடுப்பதா, தலையில் ஒரு குட்டு வைப்பதா என்பதை நான் தினமும் காலையில் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"லவ் பேர்ட்ஸ் சார். எங்க அப்பா சலூன் வச்சிருக்கார். கடையில ஒரு ஜோடி வளர்க்கிறார். ரெண்டும் நீலம். பக்கத்துத் தெரு டெய்லர் வீட்டுலயும் ஒரு ஜோடி இருக்கு. ரெண்டும் பச்சை. அந்த டெய்லரோட மகனுக்கும் எனக்கும் நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நிச்சயதார்த்தம்."

"சந்தோஷம்" என்றேன்.

"முழுசா கேளுங்க சார். நேத்து நாற்காலி எத்தனை போடுறதுன்னு பேச அப்பா அவங்க வீட்டுக்குப் போனார். கூண்டுல நாலு குஞ்சு. மூணு பச்சை, ஒண்ணு நீலம். பச்சைக்கும் பச்சைக்கும் எப்படி நீலம் பொறக்கும், இது என் நீலப் பெட்டையோட முட்டை, நீ திருடிட்டேன்னு டெய்லரைப் பிடிச்சுக்கிட்டார். திருட்டு வீட்டுக்குப் பொண்ணு குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டார்."

"உங்க வீட்டுல முட்டை ஏதாவது குறைஞ்சிருக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"நாலு முட்டை. நாலும் பொரிஞ்சது. ஆனா போன தடவை அஞ்சு போட்டுச்சாம். அதனால ஒண்ணு திருட்டுப் போயிருக்குன்னு அப்பா அடிச்சுச் சொல்றார்."

"கணக்குல உங்க அப்பா என் கட்சி" என்றேன். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மறுபடி மேஜையைத் துடைத்தேன்.

"நீங்க டெய்லர் வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"ஐயோ, அந்தத் தெருப்பக்கமே போனதில்ல சார். அவர் மகனையே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், ஓட்டல்ல, பெரியவங்க முன்னாடி. அப்பாவே தேடிப் பிடிச்ச இடம்." அவள் கைக்குட்டையை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். "அவங்க திருடுறவங்க இல்ல சார். பாவம், மைனர் குடும்பத்துக்கு இப்படி ஒரு கெட்ட பேரு."

"யாரு மைனர்?"

"அந்த ஆண் பச்சை சார். அதோட பேரு மைனர்."

மாப்பிள்ளை நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். கட்டணத்தைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

டெய்லர் கடையின் மேஜைமேல் ஒரு சாம்பல் நிறக் கோட்டு கிடந்தது. அதற்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை தனியாகச் சுருண்டு கிடந்தது. டெய்லர் அதன் எதிரில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பையனோட நிச்சயதார்த்தக் கோட்டு" என்றார். "நாளைக்கு நடக்குமா நடக்காதான்னு தெரியல. ரெண்டாவது கையை எந்த நம்பிக்கைல தைக்கிறது? இருபத்தெட்டு வருஷத் தொழில்ல ஒரு முழம் துணி மிச்சமானாக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கேன். என்னைப் போய் முட்டைத் திருடன்னுட்டார்."

தனியாகக் கிடந்த கையை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார். வாயில் வந்த நகைச்சுவையை நான் விழுங்கிக்கொண்டேன். அது அபூர்வமாக நடக்கிற காரியம்.

கடைக்குப் பின்னால் திறந்த முற்றம். அங்கே ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு கூண்டு, அதற்குள் கட்டித் தொங்கவிட்ட ஒரு பானை. மூன்று பச்சைக் குஞ்சுகளும் ஒரு நீலக் குஞ்சும் கம்பிக்குக் கம்பி பறந்துகொண்டிருந்தன. ஆண் பறவை எங்களைப் பார்த்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பாட ஆரம்பித்தது. அதன் பின்தலையில் விரல் நுனி வைத்தது போல ஒரு மஞ்சள் பொட்டு.

"இவன்தான் மைனர்" என்றார் டெய்லர். "கூண்டுப் பக்கம் எது வந்தாலும் தலையை ஆட்டிப் பாடுவான். போன வாரம் என் அளவு நாடாகிட்டப் பாடிக்கிட்டிருந்தான். என் பையன் வச்ச பேரு. வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும்தான் அப்படிக் கூப்பிடுவோம். வெளிய சொன்னா குடும்பத்துக்கு மரியாதையா இருக்காதுல்ல."

அப்போது மகன் வந்து நின்றான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். ஆனால் தலையில் முடி அரை விரல் உயரம்கூட இல்லை. நேற்றுதான் வெட்டியது போலப் பளபளத்தது.

"அந்தப் பொண்ணு எப்பவாவது இங்க..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"வந்ததே இல்ல சார்" என்றான் பையன், கேள்வி முடியும் முன்பே.

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு, எங்களைக் கடை மேஜை எதிரில் உட்கார வைத்து, டெய்லரின் பட்டன் டப்பாவைக் கேட்டு வாங்கினார். பச்சைப் பட்டன் இரண்டும் நீலப் பட்டன் இரண்டும் பொறுக்கினார். ஒரு பச்சை, ஒரு நீலம் என்று சேர்த்து டெய்லர் கையில் ஒரு ஜோடி, என் கையில் ஒரு ஜோடி.

"ஒவ்வொரு பறவைகிட்டயும் நிறத்துக்குன்னு ரெண்டு பட்டன் இருக்குன்னு வச்சுக்குங்க. அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. பச்சை சத்தக்காரன். ரெண்டுல ஒண்ணு பச்சையா இருந்தாப் போதும், பறவை பச்சையாத்தான் தெரியும். நீலம் வாயில்லாப் பூச்சி. ரெண்டுமே நீலமா இருந்தாத்தான் வெளிய தலைகாட்டும். இப்ப நீங்க ரெண்டு பேரும் பாக்குறதுக்கு என்ன நிறம்?"

"பச்சை" என்றார் டெய்லர்.

"கண்ணை மூடிக்கிட்டு ஆளுக்கு ஒரு பட்டன் குஞ்சுக்குக் குடுங்க."

கொடுத்தோம். பச்சையும் நீலமும். குஞ்சு பச்சை. மறுபடி கொடுத்தோம். இரண்டும் பச்சை. குஞ்சு பச்சை. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ என் கையிலிருந்தும் நீலம், அவர் கையிலிருந்தும் நீலம் விழுந்தன. மேஜைமேல் இரண்டு நீலப் பட்டன்கள் கிடந்ததைப் பார்த்து டெய்லர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ரெண்டு பச்சைக்கு ஒரு நீலம்" என்றார்.

"மாப்பிள்ளைக்கும் என் தங்கச்சிக்கும் இல்லாத என் மூக்கு அவங்க பையனுக்கு வந்த மாதிரி" என்றேன்.

"அது குற்றம். இது குற்றம் இல்ல" என்றார் மாப்பிள்ளை. "ஆனா ஒரு சிக்கல். மைனர்கிட்டயும் அவன் பெண்டாட்டிகிட்டயும் ஆளுக்கு ஒரு நீலப் பட்டன் ஒளிஞ்சிருக்குன்னு நாமளாச் சொன்னா சலூன்காரர் ஒத்துக்குவாரா? ரெண்டு பேருக்கும் பச்சை மட்டும்தான் இருக்குன்னு அவர் சொல்லலாமே. இதுங்களை எங்க வாங்கினீங்க?"

ஊருக்கே ஒரு பறவைக் கடைதான். அதை நடத்தும் அம்மாவுக்குப் பறவைகள் சரக்கு இல்லை, சொந்தபந்தம். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் தடித்த நோட்டு ஒன்றைப் பிரித்து எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"டெய்லர் வாங்கின ஜோடியா? நல்லா ஞாபகம் இருக்கு. ஆணுக்கு அப்பா பச்சை, பின்தலைல மஞ்சள் பொட்டு. அம்மா நீலம், பொட்டு கிடையாது, தங்கமான குணம். பெட்டையோட அம்மாவும் நீலம். ஆனா அது வேற குடும்பம். கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"நீல அம்மாகிட்ட நீலப் பட்டன் தவிர வேற இல்ல" என்றேன் நான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் அம்மா குடுத்தது நீலம்தான். உள்ள நிச்சயமா ஒளிஞ்சிருக்கு."

"மச்சான், உங்களுக்கு அடுத்த மாசம் சம்பளம் உண்டு" என்றார் மாப்பிள்ளை. பிறகு அந்த அம்மாவிடம், "இந்த மஞ்சள் பொட்டும் ஒளிஞ்சு வருமா?" என்று கேட்டார்.

"அது எங்க ஒளியும்? குஞ்சுக்குப் பொட்டு வேணும்னா அப்பா அம்மால ஒண்ணுக்குப் பொட்டு இருக்கணும். பச்சையும் அப்படித்தான்." அந்த அம்மா இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். "சலூன்காரருக்குக் குடுத்தது ரெண்டும் நீலம். ரெண்டுக்கும் பொட்டு இல்ல. அதுங்க எத்தனை முட்டை போட்டாலும் நீலம்தான். ஒரே ஒரு பச்சை வந்தாலும் நான் கடையை மூடிடுறேன்."

வழக்கு முடிந்தது என்று நான் டீ குடிக்கும் உத்தேசத்தில் நடந்தேன். மாப்பிள்ளையோ நோட்டில் காலையில் எழுதிய ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சலூனில் ஒருவர் முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தார். மீதிப் பாதியைச் சலூன்காரர் மழித்து முடித்திருந்தார். கண்ணாடிக்கு மேலே துணி போர்த்திய கூண்டு ஒன்று தொங்கியது. மூலை பெஞ்சில் எங்கள் கட்சிக்காரப் பெண் அழுத முகத்தோடு உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பட்டன்களை எடுத்து எல்லாம் விளக்கினார். பறவைக் கடை நோட்டையும் சொன்னார். சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"முப்பது வருஷமா ஊர் தலைக்கெல்லாம் கலர் அடிக்கிறவன் நான். கலர் விஷயத்துல என்கிட்டயே கதை விடுறீங்களா? கண்ணுக்குத் தெரியுறதுதான் கலர். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு எதுவும் கிடையாது."

"உங்க முடி என்ன கலர்?" என்றேன் நான்.

"ஒரிஜினல் கறுப்பு."

நான் அவர் வகிட்டைப் பார்த்தேன். நுரைக்காரரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வேரில் கால் அங்குலத்துக்கு வெள்ளை முளைத்திருந்தது. நுரைக்காரர் சிரிக்கப் பார்த்து, கத்தி தொண்டைக்கு அருகில் வந்ததும் அதைக் கைவிட்டார்.

"சரி, பச்சை வீட்டுல நீலம் பொறக்கலாம்னே வச்சுக்குவோம்" என்று சலூன்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். "லாம்னு சொல்றது சாட்சி ஆகாது. என் பறவைகளைப் பாருங்க. அப்பனும் ஆத்தாளும் நீலம், குஞ்சும்..."

துணியை விலக்கினார். இறகு முழுதாக முளைக்காத நான்கு குஞ்சுகள் பானை வாயில் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தன. மூன்று நீலம். ஒன்று பச்சை.

"அந்தப் பச்சை?" என்றார் மாப்பிள்ளை மிக மெதுவாக.

"அது கொத்தமல்லி. தினமும் ஒரு கட்டு போட்டேன். அதுல ஒருத்தனுக்குக் கொஞ்சம் தூக்கலா ஏறிடுச்சு."

மாப்பிள்ளை விளக்கி முடித்துக் கொடுத்த நீலப் பட்டன்கள் இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. நான் அவற்றை வெளியே எடுத்துப் பார்த்தேன். அப்பாவிடம் நீலம், நீலம். அம்மாவிடம் நீலம், நீலம். எப்படிக் கொடுத்தாலும் நீலத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாது.

"மாப்ளே, அப்ப பச்சைப் பட்டன் எங்கிருந்து வந்துச்சு?"

"அதான் கேள்வி மச்சான். நீலம் ஒளிஞ்சு வரும். பச்சைக்கு ஒளியத் தெரியாது. போய் டெய்லரையும் அவர் மகனையும் கூட்டிட்டு வாங்க."

ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். டெய்லர் வந்த அவசரத்தில் ஒற்றைக் கைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். இன்னொரு கை அவர் இடுப்பில் செருகியிருந்தது.

மாப்பிள்ளை சலூன்காரரைப் பார்த்தார். "பெத்தவங்க நிறத்துல இல்லாத குஞ்சு கூட்டுல இருந்தா அது திருட்டு. இது உங்க சட்டம்தானே? அந்தச் சட்டப்படி டெய்லர் வீட்டு நீலம் உங்களுது. சரி. அதே சட்டப்படி உங்க வீட்டுப் பச்சை யாருது?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். கொத்தமல்லி என்ற சொல் பாதி வரை வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பச்சைக் குஞ்சு திரும்பி உட்கார்ந்தது. அதன் பின்தலையில் விரல் நுனி வைத்தது போல ஒரு மஞ்சள் பொட்டு.

"அய்யய்யோ, இது எங்க மைனர் ஜாடையாச்சே" என்றார் டெய்லர். "அப்ப திருடினது நீங்களா? ஊரைக் கூட்டி என்னைத் திருடன்னீங்களே."

"யாரைப் பார்த்துத் திருடன்னு சொல்றே? உன் முட்டை எனக்கெதுக்கு?"

"என் முட்டை உங்க பானைக்குள்ள என்ன பண்ணுது?"

நுரைக்காரர் காய்ந்துபோன நுரையோடு நடுவில் மாட்டிக்கொண்டார். எழுந்து போகவும் அவருக்கு மனமில்லை. எனக்கே மனமில்லாதபோது அவரை என்ன சொல்வது?

"முட்டை எங்கயும் போகல" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு வீட்டுலயும் நாலு முட்டை, நாலு குஞ்சு. பறவைதான் போயிருக்கு. உங்க நீலப் பெட்டை மைனரைச் சந்திச்சிருக்கா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீங்க எங்கயாவது வெளியூர் போனீங்களா?"

"போனேன். சலூன்காரங்க மாநாடு. எட்டு நாள். ஆனா கூண்டு இங்கயேதான் இருந்துச்சு. என் பொண்ணுதான் பார்த்துக்கிட்டா."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை நோட்டைப் பிரித்தார். காலையில் அவர் எழுதியது கட்டணம் இல்லை. மைனர் என்ற ஒரே ஒரு சொல்.

"நீங்க டெய்லர் வீட்டுத் தெருப்பக்கமே போனதில்லன்னு சொன்னீங்க. அப்பாவும் மகனும் வீட்டுக்குள்ள மட்டும் கூப்பிடுற பேரு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் அதிர்ந்துபோனேன். எங்களை வேலைக்கு வைத்தவளே எங்களிடம் மறைத்திருக்கிறாள். அதுவும் நான் துடைத்துக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"அப்பா" என்றாள் அவள். "நீங்க இல்லாம பறவைங்க வாடிப் போயிருந்துச்சு. கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு தினமும் மத்தியானம் அவங்க முற்றத்துப் பெரிய கூண்டுல விட்டுட்டு, சாயங்காலம் எடுத்துட்டு வந்துடுவேன்."

"எத்தனை நாள்?"

"எட்டு நாள்."

"பறவைக்குக் காத்தோட்டம். உனக்கு?"

பதில் பையனிடமிருந்து வந்தது. அவன் தன்னை அறியாமல் தலையைத் தடவிக்கொண்டான். சலூன்காரர் அந்தத் தலையையும், தன் கையில் இருந்த கத்தியையும், மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாசத்துக்கு நாலு தடவை முடி வெட்டிக்க வந்தியேடா. இந்தக் காலத்துல இவ்வளவு ஒழுங்கான பையனான்னு நானே தேடி வந்து உங்கப்பாகிட்டப் பேசினேனே."

"எனக்கும் அவன் ஒண்ணும் சொல்லல" என்றார் டெய்லர் பாவமாக. "மாடிக்குத் துணி தேய்க்கப் போறேன்னுதான் சொல்லுவான். மத்தியானத்துல முற்றத்துல யார் இருந்தாங்கன்னு எனக்கு எங்க தெரியும்? மிஷின் சத்தம்."

அந்தப் பெண் எழுந்து அப்பா எதிரில் வந்து நின்றாள். அழுதாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நான் பொய் சொன்னது தப்புப்பா. சொல்லியிருந்தா, நம்ம பெட்டை அங்க இருந்தப்பதான் முட்டையை எடுத்துட்டாங்கன்னு சொல்லியிருப்பீங்க. அவங்க எடுக்கல. நாங்க முதல் நாள் போனப்பவே அந்தப் பச்சைப் பெட்டை நாலு முட்டை மேல உட்கார்ந்திருந்தா. நானே எண்ணினேன். அதனாலதான் மைனர் வெட்டியாத் திரிஞ்சான்."

"கண்ணாலயே பார்த்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. "டெய்லர் வீட்டுக் குஞ்சு நாலும் கூண்டு முழுக்கப் பறக்குது. உங்களுது நாலுக்கும் இன்னும் இறகே சரியா முளைக்கல. உங்க பெட்டை அப்பப் போடவே போடாத முட்டையை யாராலங்க திருட முடியும்? நிறத்தையே பார்த்துக்கிட்டு எல்லாருமா வயசைப் பார்க்க மறந்துட்டோம்."

சலூன்காரர் காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அது தானாகக் கொஞ்சம் சாய்ந்தது. கண்ணாடியில் அவர் முகம் சின்னதாகிவிட்டது போல இருந்தது. மகள் மறைத்தது அவருக்கு வலித்தது, டெய்லரைத் திருடன் என்றது அதைவிட வலித்தது. இரண்டையும் அவர் முகத்தில் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

டெய்லர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க. எங்க பையன் மேலதான் தப்பு. வீட்டுல பெண்டாட்டி அடைகாத்துக்கிட்டிருக்கா. இவன் விருந்தாளியா வந்த பொண்ணுகிட்டப் போய்த் தலையை ஆட்டிப் பாடியிருக்கான். நான் கண்டிச்சு வளர்த்திருக்கணும்."

சலூன்காரர் நிமிர்ந்தார். "நீங்க எந்தப் பையனைச் சொல்றீங்க?"

டெய்லர் யோசித்தார். "ரெண்டு பேரையும்தான்" என்றார்.

முதலில் சிரித்தவர் நுரைக்காரர். அடுத்து நான். சலூன்காரர் சிரிக்கவில்லை. எழுந்து கூண்டுக்குப் போய், பச்சைக் குஞ்சைக் கையில் எடுத்தார். அதன் பின்தலைப் பொட்டைச் சுண்டுவிரலால் தடவினார். குஞ்சு அவர் விரலைக் கொத்தியது.

"திருடன்னு சொன்னது என் தப்பு. வாய் கூசாமச் சொல்லிட்டேன்" என்றார் குஞ்சைப் பார்த்துக்கொண்டே. பிறகு டெய்லர் பக்கம் திரும்பினார். "குஞ்சே பொறந்தாச்சு. இனிமே பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்னா ஊர் சிரிக்காதா? இடுப்புல இருக்கிற அந்தக் கையை எடுத்துக் கோட்டுல தைங்க, சம்பந்தி. மணி என்ன ஆகுது பாருங்க."

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் காலரில் செருகியிருந்த ஊசியை எடுத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண் நூல் கோத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து, உண்மையை மறைத்ததற்குக் கட்டணம் இரட்டிப்பு என்றார். எனக்கு அவர்மேல் அன்று முதல்முறையாக மரியாதை வந்தது.

பையன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். சலூன்காரர் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் மொட்டைத் தலையை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"இங்க பாரு. கல்யாணம் வரைக்கும் என் கடைப்பக்கம் வராதே. போட்டோவுலயாவது கொஞ்சம் முடி தெரியட்டும்."